நான்கே நிமிடத்தில் பதில்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் காய்ச்சினேன். காபியோடு உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் டாக்டர்கள் குழுவுக்கு வந்திருந்த காலை வணக்கங்களை அழித்தேன். நான் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவன். அந்தக் குழுவில் பல ஊர்க்காரர்கள், நானூறு பேர். பிடிபடாத கேஸ் என்றால் நோயாளியின் பெயரை மறைத்துப் படம் போடுவார்கள். தெரிந்தவர் பதில் சொல்வார்.

எட்டு மணிக்கு டியூட்டி டாக்டர் ஸ்கேன் அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"தம்பி, ஒரு கையெழுத்து. பெரிய டாக்டர் மாநாட்டுல நம்ம குழுவைப் பத்திப் பேசப்போறாரு. உன் மனைவியோட ஸ்கேனைக் காட்டணுமாம்."

"அவ ஸ்கேன் எதுக்கு சார்?"

"நாலே நிமிஷத்துல சரியான பதில் வந்துச்சே! வேற எந்தக் கேஸுக்கும் அப்படி வந்ததில்ல."

எனக்கு இது புதுச் செய்தி.

"அவ செத்துட்டா சார்."

"அது ஸ்லைடுல வராதுப்பா."

போனில் போன மாதத்துக்குப் போனேன். 10.12, டியூட்டி டாக்டர் போட்ட அவள் ஸ்கேன் படம். 10.16, யாரோ ஒரு வெளியூர் டாக்டர்: 'வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. உடனே ஆபரேஷன் செய்யுங்கள்.' 10.17, பெரிய டாக்டருக்கு விருது கிடைத்த செய்தி. அப்புறம் வரிசையாகப் பூங்கொத்துப் படங்கள். எழுபத்தொன்று.

"நீங்க எப்ப பார்த்தீங்க?"

"பதினொண்ணே முக்காலுக்கு. பூவா வந்து கொட்டுச்சு, பதில் மேல போயிடுச்சு. யாரும் சொல்லலைன்னு காத்துட்டிருந்தேன்." என் முகத்தைப் பார்த்தார். "என்னை முறைக்காதே. ஒன்பதாவது பூ உன்னோடது."

சரிதான். 10.21. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அனுப்பியது. வாழ்த்தாதவனைப் பெரிய டாக்டர் மறக்கமாட்டார். மேலே என்ன இருக்கிறது என்று நான் தள்ளிப் பார்க்கவில்லை.

சம்மதம் இல்லாதவர்கள் காரணம் எழுதத் தாளில் மூன்று வரி விட்டிருந்தார்கள். அதைக் காலியாக விட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மதியம் மாமியார் போன் செய்தார். வாரம் தவறாமல் கேட்பதையே கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னா, மாப்பிள்ளை?"

"உங்களைத்தான் கேட்டா, அத்தை."

அழுதார். வைத்துவிட்டேன்.

10.21க்குப் பிறகு அவள் ஒருமுறைதான் பேசினாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"பெரிய டாக்டருக்கு சலாம் போட்டாச்சா? போட்டுட்டு நர்ஸைக் கூப்பிடு."