கழுவிய எஞ்சின்

“கழுவிட்டீங்களா?” என்று கேட்டார் மெசியூ தெலாத்ர்.

கேட்ட குரலில் கோபம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. அதை அர்மெல் அந்த நொடியிலேயே கண்டுகொண்டாள். கார் கம்பெனியின் சார்பில் பாரிஸிலிருந்து வந்திருந்த நிபுணர் அவர். எர்வேயின் பட்டறை நடுவே ஒரு மேசை, மேசை மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பு, விரிப்பின் மேல் அர்மெலுடைய காரின் எஞ்சின் அக்கு வேறு ஆணி வேறாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. ஆயில் பம்பு, அதன் சல்லடை, வால்வுகள், மூடி, அடித்தட்டு எல்லாவற்றையும் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, அளவு வாரியாக அடுக்கியிருந்தான் எர்வே. கடையில் விற்பனைக்கு வைத்த மாதிரி எல்லாம் மின்னின.

“ஆமா மெசியூ,” என்றான் எர்வே. பெருமையாகத்தான் சொன்னான், பாவி. “நீங்கள்லாம் அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றீங்க. அழுக்கும் பிசுக்குமா எப்படிக் காட்டறது?”

அர்மெலால் ஆச்சரியப்பட முடியவில்லை. அரே மலைப்பக்கத்து ஆட்களே அப்படித்தான். முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றுகிற நர்ஸ் அவள். புண்ணைப் பார்க்க நர்ஸ் வருகிறாள் என்று தெரிந்தால், அவள் வருவதற்குள் புண்ணையே கழுவித் துடைத்துப் புதுக்கட்டுப் போட்டு வைக்கிற ஊர் இது. சீழ் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால், சீ, அதையெல்லாமா வச்சிருப்பாங்க என்பார்கள். எர்வே அந்த ஊர்க்காரன், அவளோடு ஒரே பள்ளியில் படித்தவன். விருந்தாளிக்கு முன்னால் எஞ்சினைக் கழுவி வைத்திருக்கிறான்.

“அப்ப பழைய ஆயில்?” தெலாத்ர் அடுத்த கேள்வியைப் போட்டார்.

“வடிச்சிட்டேன். கழிவு ஆயில் எடுக்கற லாரி வந்துது, குடுத்துட்டேன்.”

“ஓ,” என்றார் தெலாத்ர். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பார்க்க வேண்டியது முடிந்துவிட்டதாம்.

நடந்தது இவ்வளவுதான். அந்தக் காரில் டைமிங் பெல்ட் என்கிற பல் வைத்த ரப்பர் பட்டை எஞ்சினுக்கு உள்ளேயே, ஆயிலில் நனைந்தபடி ஓடும். ரப்பரை எண்ணெயில் ஊறப்போட்டால் என்ன ஆகும் என்று சமையலறையில் நிற்கிறவளுக்குக்கூடத் தெரியும். கம்பெனிக்குத் தெரியாதாம். பெல்ட் பத்து வருஷம் உழைக்கும் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது குளிர்காலத்திலேயே அது பொரிந்து உதிர ஆரம்பித்தது. உதிர்ந்த தூள் ஆயிலோடு போய்ச் சல்லடையை அடைத்தது; எஞ்சினுக்கும், பிரேக்குக்கு உதவுகிற பம்புக்கும் ஆயில் போகவில்லை. ஒரு நாள் காலை, நோயாளி ஜோப்பின் பண்ணைக்குக் கட்டு மாற்றப் போகும்போது, இறக்கத்தில் ஆயில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தது. அதே மூச்சில் பிரேக் கல்லாக இறுகிப்போனது. இரண்டு காலாலும் மிதித்தாள். கார் போய் வேலிப்புதரில் சொருகி நின்றது. பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

சல்லடை நிறைய அந்தக் கறுப்புத் தூளை எர்வே தன் கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டு, விளக்கி வைத்துவிட்டான்.

இந்த நாட்டில் இதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. வண்டிக்காரர், பட்டறைக்காரர், கம்பெனி, காப்பீட்டுக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடி, பிரித்த எஞ்சினைச் சுற்றி நின்று பார்க்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பார்த்ததாக இருக்கக் கூடாது. சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் நிற்பதுபோல எல்லோரும் கைகட்டி நின்றார்கள். அர்மெலின் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மதாம் கெரே மட்டும் குனிந்து, மிச்சமிருந்த பெல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பல் பாதி இல்லை. ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

“இது போதாதா மெசியூ?” என்றாள் மதாம் கெரே.

“பெல்ட் கெட்டுப்போச்சு, ஒத்துக்கறேன். ஏன் கெட்டுப்போச்சு? தப்பான ஆயில் ஊத்தினாலும் இப்படித்தான் ஆகும். சரியான ஆயில்தான் ஊத்தினாங்கன்னு காட்டச் சொல்லுங்க, பார்க்கலாம்.” மேசையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். “இதுல ஒரு சொட்டுகூட இல்லையே.”

எர்வேயின் முகம் மெல்லச் சிவந்தது. அந்தக் காருக்கு இத்தனை வருஷமும் ஆயில் மாற்றியவன் அவன்தான்; அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இங்கே சட்டப்படி கடைசியாக வண்டியைத் தொட்டவன் தலையில்தான் முதலில் விடியும். தன் மேல் தப்பில்லை என்று அவன்தான் காட்ட வேண்டும். காட்டக்கூடிய ஒரே சாட்சியை அவனே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான்.

“இருந்தாலும்,” தெலாத்ர் அர்மெலின் பக்கம் திரும்பினார், “உங்க வேலை எங்களுக்குப் புரியுது மதாம். வயசானவங்க, நோயாளிங்க காத்துக்கிட்டிருப்பாங்க. அதனால கம்பெனி நல்லெண்ண அடிப்படையில புது எஞ்சின் செலவுல ஒரு பங்கை ஏத்துக்கும். மீதியை இவரோட காப்பீட்டுலேர்ந்து வாங்கிக்கலாம். தப்பு பராமரிப்புலதான்னு நீங்க ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டாப் போதும். இந்த மாசமே வண்டி ஓடும்.”

வண்டி ஓடும். எர்வே மனைவியின் நாய் முடி அப்பிய பழைய காரைக் கடன் வாங்கி, இரண்டு வாரமாக அவள் பட்ட பாட்டுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை! டவுனிலிருந்து வேறு நர்ஸுகள் அவளுடைய நோயாளிகளைக் கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கையெழுத்து. அதோடு எர்வேயின் பட்டறை வாசலில் யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். ஆயிலில் கலப்படம் பண்ணுகிறவன் என்று இரண்டே நாளில் மலை முழுக்கப் பேச்சாகிவிடும்.

“நல்லெண்ணமா?” என்றாள் அர்மெல். அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். “நான் ஊசியைத் தப்பாப் போட்டு ஒருத்தர் கை வீங்கிப்போச்சுன்னு வைங்க. நல்லெண்ண அடிப்படையில ஒரு பஞ்சு தர்றேன்னு சொன்னா என்னைச் சும்மா விடுவீங்களா? என் பொறுப்புன்னு நான் சொல்லியே ஆகணும். எனக்கு அந்தச் சட்டம், உங்களுக்கு வேற சட்டமா? அந்த இறக்கத்துல நான் செத்திருந்தா, நல்லெண்ணத்துல ஒரு மலர்வளையம் அனுப்பியிருப்பீங்களா?”

“மதாம், உணர்ச்சிவசப்படாதீங்க.”

“படுவேன்! என் உணர்ச்சி, நான் படுவேன்! தயவும் வேணாம் தாட்சண்யமும் வேணாம். பெல்ட் எங்களுது, பொறுப்பு எங்களுதுன்னு ஒரு வரி சொல்லுங்க. ஒரே ஒரு வரி.”

தெலாத்ர் கைக்குட்டையால் ஷூ நுனியைத் தட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். மதாம் கெரே மட்டும் வாசலில் தயங்கி, வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும், யோசித்துக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். ஆனால் நல்ல பெண்ணால் ஆவது ஒன்றுமில்லை.

அவர்கள் போனதும் அர்மெல் எர்வேயைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் சுத்தத்துல இடி விழ! அந்தத் தூள்ல ஒரு பிடியைக் காகிதத்துல மடிச்சு வச்சிருக்கக் கூடாதா? விருந்துக்கா வந்தானுங்க? வெள்ளை விரிப்பு வேற! பூச்சாடி வைக்க மறந்துட்டியா?”

“திட்டு. திட்டறதுக்கு உனக்கு உரிமை இருக்கு.” அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “கையெழுத்துப் போட்ரு அர்மெல். என் மேலயே போடு. உனக்கு வண்டி வேணும். நான் என்ன, இன்னும் கொஞ்ச நாள்ல ஓய்வு வாங்கிக்கப் போறவன்.”

அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. திருடன் காலாட்டிக்கொண்டு காரில் ஏறிப் போகிறான், இந்த முட்டாள் கழுத்தை நீட்டுகிறான்.

“சரியான ஆயில்தானே ஊத்தினே?”

“என்னைப் பார்த்தா அந்தக் கேள்வியைக் கேக்கறே?”

“கேக்கறேன். பதில் சொல்லு.”

“அவனுங்க சொன்ன ஆயில், அவனுங்க சொன்ன அளவு. போதுமா?”

“போதும். அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. நீ எதுக்கும் ஒத்துக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு நாய் முடி அப்பிய அந்தக் காரில் ஏறினாள்.

மறுநாள் ஜோப்பின் காலுக்குக் கட்டு மாற்றும்போது துணியை வெடுக்கென்று இழுத்தாள். ஜோப் காலிஃபிளவர் விவசாயி. சர்க்கரை வியாதி, ஆறாத புண், ஆனால் வாய் மட்டும் ஆரோக்கியம்.

“இன்னிக்கு என் கால் மேல என்ன கோவம் உனக்கு?” என்றார்.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, “பேசினியா?” என்றார்.

“பேசினேன்.”

“அதான் தப்பு. எங்க விலையை வியாபாரிங்க அடிச்சப்ப நாங்களும் முதல்ல அதிகாரிங்ககிட்ட பேசினோம். காபி குடுத்தானுங்க. அப்புறம் ஒரு நாள் பத்து டிராக்டர் காலிஃபிளவரைக் கொண்டு போய் அதிகாரி ஆபீஸ் வாசல்ல கொட்டினோம். நாறிச்சு பாரு, அன்னிக்குத்தான் கீழே இறங்கி வந்தானுங்க.” காலை மெல்ல இழுத்துக்கொண்டார். “எஞ்சின் யாருது?”

“என்னுது.”

“டிராக்டர் என்னுது.”

அர்மெல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இந்த ஊரில் கோபம் வந்தால் மனு எழுத மாட்டார்கள், கொண்டு போய்க் கொட்டுவார்கள். அவளும் இந்த ஊர்க்காரிதானே.

சனிக்கிழமை கம்பெனியின் ஷோரூமில் திறந்த வாசல் விழா. புது மாடல் வரும்போதெல்லாம் நடத்துவார்கள். கொடி, பலூன், ஒரு பெண்மணி பெரிய இரும்புக் கல்லில் சுடச்சுடக் கிரேப் என்கிற மெல்லிய இனிப்புத் தோசை ஊற்றிக் கொடுப்பாள், கோப்பையில் ஆப்பிள் சைடர். குடும்பம் குடும்பமாக வந்து கார்களில் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜோப் டிராக்டரை நேராகக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கொண்டு வந்து நிறுத்தினார். முன்பக்கத்துப் பாரம் தூக்கும் கொம்பில் ஒரு மரப்பலகை, அதன் மேல் எஞ்சின் பாகங்கள், அடியில் அதே வெள்ளை விரிப்பு. ஏனென்றால் எர்வேயும் வந்திருந்தான். வர மாட்டேன், மானம் போகும் என்று வெள்ளிக்கிழமை வரை சொன்னவன். கோட்டுப் போட்டு வந்து, பலகை இறங்கியதும் ஒவ்வொரு பாகத்தையும் நேராக்கி வைத்தான்.

“துடைச்சே, கையை ஒடைப்பேன்,” என்றாள் அர்மெல்.

“துடைக்கல. இது கோணலா இருக்கு.”

மேலாளர் ஓடி வந்தார். இளைஞர், மெலிந்த டை. “மதாம், மதாம், இதை இங்கேர்ந்து எடுத்துடுங்க. உள்ளே வாங்க, ஒரு காபி சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

“காபி ஆச்சு. வெளியிலயே பேசலாம்.”

“போலீஸைக் கூப்பிட வேண்டி வரும்.”

“கூப்பிடுங்க. அவங்களும் இதே கம்பெனி காருலதான் வருவாங்க. வந்து சேர்ந்தா சரி,” என்றார் ஜோப் டிராக்டர் மேலிருந்து. கிரேப் ஊற்றும் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூட்டம் சேர்ந்தது. அர்மெல் கத்தவில்லை. கத்த வேண்டியதெல்லாம் பட்டறையிலேயே தீர்ந்திருந்தது. கெட்டுப்போன பெல்ட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே மாதிரி சொன்னாள்: “பத்து வருஷம் வரும்னாங்க. அஞ்சுல போச்சு. இறக்கத்துல பிரேக் பிடிக்கல. பொறுப்பு யாருன்னு கேட்டேன், பட்டறைக்காரராம்.” எர்வே பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து அவன் கையைக் குலுக்கினார்கள். வேறு சிலர் அவனைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அதையும் அவள் பார்த்தாள். தான் செய்வது அவனைக் காப்பாற்றுகிறதா, ஊர் நடுவில் நிறுத்திக் காட்டிக்கொடுக்கிறதா என்று அவளுக்கே அந்த நேரத்தில் தெரியவில்லை.

“ஒரு வரி,” என்றாள் மேலாளரிடம். “உங்க பெல்ட், உங்க பொறுப்பு. சொல்லுங்க, இப்பவே எடுத்துட்டுப் போறேன்.”

“அது என் கையில இல்ல மதாம். நான் விக்கறவன்.”

“செஞ்சவரு பாரிஸ்ல இருக்காரு. அவரு பட்டறைக்காரரைக் கை காட்டறாரு. நீங்க வெறும் விக்கறவரு. அந்த இறக்கத்துல வண்டிக்குள்ள உக்காந்திருந்தது நான். அப்ப பொறுப்பு என்னுதா?”

அவர் பலூன்களைப் பார்த்தார்.

அப்போது ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி கையில் சர்க்கரை தூவிய கிரேப். பெரியவர் பெல்ட்டை வாங்கி உற்றுப் பார்த்தார்.

“எந்த வருஷத்து வண்டி?” என்றார்.

அர்மெல் சொன்னாள்.

“எங்களுதும் அதுதான். ஆயில் மாத்தறதுகூட இந்த ஷோரூம்லதான். பேரப்பிள்ளைங்களை அதுலதான் ஸ்கூல்ல விடறேன்.” எர்வேயைப் பார்த்தார். “பிரிக்காம இதைப் பார்க்க முடியுமா?”

“ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தா உள்ளே பெல்ட் தெரியும் மெசியூ,” என்றான் எர்வே. “விரலால தடவிப் பாருங்க.”

பெரியவர் நிறுத்துமிடத்தைப் பார்த்து நடந்தார். “என்னங்க, ஆறிப்போகுது,” என்று மனைவி கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. சாம்பல் நிறக் காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினார். குனிந்தார். எர்வே இடத்தை விட்டு அசையவில்லை. கோட்டுப்பைக்குள் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றான். கிரேப் கல்லில் மாவு கருகுகிற வாசனை வந்தது.

பெரியவர் நிமிர்ந்தார். ஆள்காட்டி விரல் நுனி கறுத்திருந்தது. அதில் கடுகு கடுகாக ரப்பர் தூள் ஒட்டியிருந்தது. மனைவி பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. அந்த விரலை அப்படியே முன்னால் நீட்டிக்கொண்டு, வரிசையாக நின்ற புதுக் கார்களைத் தாண்டி, மேலாளரைப் பார்த்து நடந்து வந்தார்.