கூடப்பிறந்தவர்கள்: இல்லை

பெர்மெத் அழுதுகொண்டேதான் கூடாரத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும்; செத்தவரின் மகள் என்றால் அதுதான் முறை. ஆனால் வாசலில் குனிந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்ததில் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. உள்ளே இருந்த பெண்கள் அவளுக்கும் சேர்த்து ஒரு பாட்டம் அழுதார்கள். ஒருத்தி கறுப்புத் துணியை அவள் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டு, திரையை ஒட்டிய இடத்தைக் காட்டினாள்.

வீட்டு முற்றத்தில் நேற்று நிறுத்திய கம்பளிக் கூடாரம். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா. இந்தப் பக்கம் பெண்கள் உறவு வரிசைப்படி உட்கார வேண்டும்: மனைவி, கூடப்பிறந்தவள், அப்புறம் மகள். அம்மா போய்ப் பத்து வருஷமாகிவிட்டது. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. ஆகவே முதல் இடம் பெர்மெத்துக்கு வந்துவிட்டது. இப்படி ஓர் இடத்துக்கு யாராவது ஆசைப்படுவார்களா என்ன!

அப்பாவுக்குத் தொக்தோசுன் என்ற பெயர் இந்த ஊர் வைத்தது. உலகப் போரில் லெனின்கிராட் முற்றுகையிலிருந்து ரயிலிலும் படகிலுமாகக் கொண்டுவந்து இந்த ஏரிக்கரையில் இறக்கிய பிள்ளைகளில் அவரும் ஒருவர். அப்போது நாலு வயது, பேச்சு கிடையாது. ஊல்கான் என்ற போர் விதவை தூக்கிக்கொண்டு போய்ப் பாலும் மாவும் கரைத்துக் கொடுத்துப் பிழைக்கவைத்தாள். வளர்ந்து, ஏரியைச் சுற்றி ஓடும் பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டினார். நீலக் கண்ணும் வெளுத்த புருவமும் தவிர மற்றபடி அவர் இந்த ஊர்க்காரர்தான்.

அவருக்கு ஒரே ஒரு ஞாபகம் இருந்தது. ஒரு கை. தன் கையைப் பிடித்திருந்த, தன் கையைவிடக் கொஞ்சமே பெரிய, சில்லென்ற கை. அது தன் அக்காவுடையது என்று அவர் நம்பினார். தான் வந்திறங்கிய மாதம் என்று ஒவ்வொரு செப்டம்பரும் படகுத் துறைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். பஸ்ஸில் ஏறும் வயதான ரஷ்யப் பெண்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டி, ஒருமுறை வேலியில் மோதியதும் உண்டு.

பெர்மெத் வரலாறு படித்தவள். சான்று என்றால் அவளுக்கு உயிர். யார் எழுதியது, எப்போது எழுதியது, எதற்காக எழுதியது: வகுப்பில் மாணவர்களை இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டே பிழிந்தெடுப்பாள். இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் பற்றி மூன்று வருஷம் முன்பு ஒரு கட்டுரை எழுதினாள். பிள்ளைகள் வந்திறங்கிய அன்றே கிராம எழுத்தர் எழுதிய பதிவேடு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. பதினேழாவது வரிசை அப்பாதான். ‘ஆண். சுமார் நான்கு வயது. கூடப்பிறந்தவர்கள்: இல்லை. உடை: பெண்பிள்ளைகள் போர்த்தும் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை ஒன்று.’

அன்றே எழுதிய ஏடு ஒரு பக்கம், அறுபது எழுபது வருஷம் மனசில் ஊறிய நினைவு ஒரு பக்கம். எதை நம்புவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தனியாக வந்த பிள்ளைகள் பின்னாளில் துணையைக் கற்பனை செய்துகொள்வது இயல்பு என்று எழுதினாள். உதாரணத்துக்கு அப்பாவையே காட்டினாள், பெயர் சொல்லாமல். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

“ஏட்டுல இல்லேன்னா இல்லதாம்மா” என்றார். “நீ படிச்சவ.”

அதற்கப்புறம் அவர் துறைப் பக்கம் போகவில்லை. இதைத் தம்பி ஜானிபெக் போனில் சொன்னபோது, நல்லதுதானே, குளிர்காற்றில் உட்கார வேண்டாமே என்று பெர்மெத் சொன்னாள். வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த அப்பாவின் அழைப்பு மாதம் ஒருமுறையானதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒப்பாரியைக் காலிச்சா பெரியம்மா தொடங்கினாள். எண்பத்திரண்டு வயது, அடுத்த வீடு, ஊரில் ஒப்பாரிக்கு அவளை விட்டால் ஆளில்லை. செத்தவரின் ஏழு தலைமுறை அப்பன்மார் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். தொக்தோசுனுக்கு ஏழு பேருக்கு எங்கே போவது! ஊல்கானின் புருஷன் வம்சத்தையே அவருக்குக் கொடுத்தாள் கிழவி, ஒன்றுகூடக் குறையாமல். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, குரலை இறக்கிப் பாடினாள்.

“கரையில எறங்கையில கையொண்ணு கூட வந்துச்சே
கூட வந்த கையத்தானே கடைசிவர தேடுனியே
எந்தம்பி இல்லேன்னு தலையாட்டிப் போனாளே
சால்வையக் கழட்டித் தந்து சாகாம வச்சாளே.”

மற்ற பெண்கள் பழக்கத்தில் கூடவே விம்மினார்கள். பெர்மெத் நிமிர்ந்து பார்த்தாள். பாட்டு முடிந்து தேநீர்க் கிண்ணங்கள் சுற்றி வந்தபோது அவள் காலிச்சாவிடம் நகர்ந்தாள். வாய் தானாகவே வகுப்பறைக் கேள்வியைத்தான் கேட்டது.

“இதை யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“யாரும் சொல்லல. நான் பாத்தேன்” என்றாள் காலிச்சா.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. வந்த பிள்ளைகளுக்கு மோர் ஊற்றிக் கொடுக்கத் துறையில் நின்றிருந்தாள். கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது என்று மேலிருந்து உத்தரவு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்றால் சேர்த்தே பிள்ளைகள் விடுதிக்கு. விடுதியிலோ காய்ச்சல், தினம் ஒன்றிரண்டு போய்க்கொண்டிருந்தது. தனியாக வந்த சின்னதுகளை மட்டும் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஊல்கான் இந்தப் பையனைக் கைகாட்டினாள். எழுத்தர் அவன் கையைப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்து, உன் தம்பியா என்று கேட்டார். பத்து வயது இருக்கும் அவளுக்கு. ஊல்கான் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், இல்லை என்று தலையாட்டினாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தன் சால்வையைக் கழற்றி அவனுக்குச் சுற்றிவிட்டு, விடுதி வண்டியில் போய் ஏறிக்கொண்டாள். பனிக்காலத்தில் அந்த விடுதியை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். அதோடு சரி.

பெண்பிள்ளைகள் போர்த்தும் சால்வை. அந்த வரியைத் துணிப் பஞ்சத்துக்கு அடையாளம் என்று குறித்துவைத்தது பெர்மெத்துக்கு ஞாபகம் வந்தது. ‘கூடப்பிறந்தவர்கள்: இல்லை’ என்பதும் அதே பக்கம்தான். சால்வை அதற்கு இரண்டு விரல் அகலம் கீழே.

“ஏன் பெரியம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“ஊல்கான் ரொட்டி மேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டா. அவன் கண்ணு மூடுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. தெரிஞ்சா தேடிக்கிட்டுப் போயிருவான்னு பயம் அவளுக்கு.” காலிச்சா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நீ எழுதினது வந்த வருஷம் அவன் என் வீட்டுக்கு வந்தாம்மா. ‘அக்கா, நீங்க அன்னைக்கு அங்க இருந்தீங்கல்ல, என்கூட யாராவது வந்தாங்களா’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“யாரும் வரலேன்னேன்.”

பெர்மெத் திரையைப் பார்த்தாள். மூன்று பேர் அவரிடம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். முதலாமவள் அவர் பிழைப்பதற்காகச் சொன்னாள், இரண்டாமவள் சத்தியத்துக்காகச் சொன்னாள். தான் எதற்காகச் சொன்னோம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா ஒருநாளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லையே என்பதுதான் தாங்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, முறைக்கான அழுகை இல்லை, சத்தமே இல்லாமல்.

வெளியே ஆட்கள் தொழுகைக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். கடைசி ரத்த உறவு வந்து சேரும்வரை உடலைத் தூக்குவதில்லை. அந்தக் கணக்கு கூடாரத்துப் பெண்களிடம்தான் இருக்கும். ஜானிபெக் வாசலில் குனிந்து தலையை மட்டும் நீட்டினான். அழுது அழுது அவன் நீலக் கண்கள் சிவந்திருந்தன.

“அக்கா, பெரியவங்க கேக்குறாங்க. எல்லாரும் வந்தாச்சா? தூக்கலாமா?”

பெர்மெத் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் அத்தை வரல” என்றாள்.

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லியிராத சொல் அது. ஜானிபெக் அவளைப் பார்த்தான், காலிச்சாவைப் பார்த்தான். கிழவி தலையைக் குனிந்துகொண்டாள், மறுக்கவில்லை. அவன் எதுவும் கேட்காமல் வெளியே போனான். யார், எங்கிருந்து வருகிறார் என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. வரவேண்டியவர் ஒருவர் உண்டென்றால் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் மறுபடி பெஞ்சுகளில் உட்காரும் சத்தம் கேட்டது. யாரோ தேநீர் கொதிக்கும் சமோவாரில் விறகு போட்டார்கள்.

பெர்மெத் திரையை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வழிவிட்டார்கள். காலியான இடத்தில் சுருண்டு கிடந்த கம்பளத்தை அவள் கையால் நீவிச் சரிசெய்தாள்.