பள்ளத்து லயத்துப் பெரியாயி கடனைக் கட்டி முடித்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. கஜரூபனுக்குக் கதை எதுவும் தோன்றவில்லை. பதுளையில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் அவன் உட்கார்ந்திருந்த மேசைக்கு, 2004இல் ஒரு நாள், பெரியாயி வந்தார். அவ்வளவுதான்.

(இதை எழுதுவதும் கஜரூபன்தான். 'நான்' என்று எழுதினால் மனேஜர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து தன்னையே 'அவன்' என்கிறான். பெயரை மாற்ற மறந்துவிட்டான்.)

முதல் வரி இப்படி வந்தது:

"பெரியாயி கடன் வாங்கிக் கட்டாமல் விட்டவள். மலைச்சரிவில் பனி..."

பனி வேண்டாம். இந்த மலைப் பக்கத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். 'கட்டாமல் விட்டவள்' இருக்கட்டும், வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

2

நடந்தது இதுதான். பெரியாயி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், பள்ளத்து லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர். வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் வாங்கிப் பதுளையில் விற்கிறார். லாபமெல்லாம் வேன் வாடகைக்கே போகிறது. வெலிமடை மொஹிதீன் தன் பழைய வேனை அவருக்கு விற்கச் சம்மதித்து, மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சொல்லியிருந்தார். வங்கிக் கடன் கிடைத்தால் வேன் சொந்தம். ஆனால் எல்லா வங்கிகளின் கடன்களையும் பதிந்து வைக்கும் கொழும்பு அலுவலகத்திலிருந்து வந்த அறிக்கை, அவர் பழைய கடனொன்றைக் கட்டாமல் விட்டதாகச் சொன்னது. மனேஜர்* விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தார்.

"அது மேட்டு லயத்துப் பெரியாயிங்க," என்றார் பெரியாயி. "தோட்டத்துக்கே ஒரே விலாசந்தானே. முன்ன தோட்டத்துல வேல செஞ்சப்ப, காலைல பெரட்டுல பேர் கூப்புடுறப்பகூட எங்கள யாரும் மாத்திக் கூப்புட்டதில்ல. ஒங்க கம்பியூட்டரு மாத்திருச்சு."

கஜரூபன் உருகிப்போனான். திருத்தம் கேட்டுக் கொழும்புக்கு எழுதுவதாக வாக்குக் கொடுத்தான். மனம் மிகவும் கனத்துவிட்டதால் கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கதையைத் தொடங்கினான்.

* மனேஜர் நல்ல மனிதர். கதை அவர் கையில் கிடைத்துவிட்டால் என்பதற்காக இது சொல்லப்படுகிறது.

3

(இங்கே நமுனுகுல மலையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எழுதியவனுக்கே கொட்டாவி வந்ததால் நீக்கப்பட்டது.)

4

அடுத்த கிழமை பெரியாயி வந்தபோது தாள் மேசையில் கிடந்தது.

"என் பேரு இருக்குதே. அந்தக் கடிதமாங்க?"

"கதை, அம்மா." அவன் வாசித்துக் காட்டினான். முதல் வரியிலேயே பெரியாயியின் முகம் சுருங்கியது.

"இங்கயும் நான் கடன்காரிதானா?"

"கடைசியில உங்களில பிழையில்லை எண்டு வரும். அதுதான் கதையின்ர திருப்பம்."

"கடைசி வரைக்கும் எத்தனை பேரு படிப்பாங்க? ஒங்க மனேஜரும் மொதப் பக்கத்தத்தான் படிச்சாரு."

கஜரூபன் அந்த வரியை வெட்டிவிட்டு, 'கடனே வாங்காதவர்' என்று எழுதினான்.

"அதுவும் பொய்யிங்க. தையல் மெசினுக்கு வாங்குனேன். கட்டி முடிச்சேன். அதப் போடுங்க. தலைப்புலயே போடுங்க, அத எல்லாரும் படிப்பாங்க."

திருப்பம் போயே போய்விட்டது. தலைப்பு அவருடையது.

5

முடிவுகள்.

(அ) திருத்தம் வருகிறது. பெரியாயி சொந்த வேனில் வெலிமடைக்குப் போகிறார்.

(ஆ) திருத்தம் வருவதற்குள் வேன் வேறொருவருக்குப் போய்விடுகிறது.

கஜரூபனுக்கு (ஆ)தான் பிடித்திருந்தது. சோகமாக முடிந்தால்தான் பத்திரிகையில் போடுவார்கள். அதையும் வாசித்துக் காட்டினான். பெரியாயிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் எழுத்தின் வலிமை என்று அவன் ஒரு கணம் நினைத்துக்கொண்டான்.

"இம்புட்டு எழுதுன நேரத்துக்கு அந்தக் கடிதத்த எழுதியிருக்கலாமேங்க ஐயா."

கஜரூபனுக்கு வெட்கமாக இருந்தது. (இந்த இடத்துக்கு ஓர் உவமை தேடினான். கிடைக்கவில்லை.) பெரியாயி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடிதம் எழுதி முடியும்வரை எழுந்திருக்கிற எண்ணம் அவருக்கு இல்லை.

6

ஆகவே கதை இங்கே நிற்கிறது. கடிதம் இன்றைய தபாலில் போகும். கொழும்பில் அதை யார் பிரிப்பார்கள் என்று கஜரூபனுக்குத் தெரியாது. ஒருவேளை நீங்களாக இருக்கலாம். (அ)வா (ஆ)வா என்பதை நீங்களே எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள், மாதக் கடைசி வருகிறது, மொஹிதீனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.