ஐயாவைக் காணோம்

ஜன்னல் அசைந்து கொடுக்கவில்லை. கொக்கி, சட்டம், கம்பி எல்லாவற்றையும் சேர்த்து எவனோ ஒரே பூச்சாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தான். அவள் வண்டிச் சாவியின் முனையால் கொக்கியைச் சுரண்டினாள். பெயின்ட்தான் உதிர்ந்தது.

“என்னம்மா பண்றீங்க?” இலக்கிய மன்றத்தின் செயலாளர் ஓடி வந்தார். குரலைத் துக்கத்துக்கு ஏற்றபடி தாழ்த்தியிருந்தார். கண் மட்டும் பெயின்ட் மேல் இருந்தது.

“ஜன்னலைத் திறக்கணுங்க.”

“ஏசி போட்டிருக்கோமே. ஐயாவுக்கு ஒரு குறையும் வராது.”

ஐயா, அதாவது அவளுடைய அப்பா, மேடைக்குக் கீழே ஒரு ஸ்ட்ரெச்சரில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். ஊர் ஊராகச் சுற்றி, டீக்கடை பெஞ்சிலும் பஸ் நிலையத்திலும் கவிதை சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். முந்தாநாள் காய்ச்சலோடு மகள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் மெத்தைக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவள். நல்ல மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். அவர் அதைத் தட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, தெருக்கதவுக்கு நேரே வெறுந்தரையில் படுத்துக்கொண்டார்.

“செத்தப்புறம் என்னப் புடிச்சு எங்கயாவது உள்ள வச்சுப் பூட்டிடுவானுங்க. விட்டுடாத,” என்றார்.

“சரிப்பா.”

அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான். அவளும் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள், சின்ன வயதில், சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு. அது நடக்கவில்லை.

காலையில் உயிர் போனது. சேதி கேட்டு மன்றத்துக்காரர்கள் வந்தார்கள். “கொஞ்ச நேரம், மன்றத்துல அஞ்சலிக்கு மட்டும்” என்றார்கள். எல்லாரும் படித்தவர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்கள். தலையாட்டிவிட்டாள். இப்போது மத்தியானம். கொஞ்ச நேரம் என்பது சிறப்பு விருந்தினர் வரும் வரைக்கும் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

“சாவுக்கு எதுக்குப்பா சிறப்பு விருந்தினரு? செத்தவன்தான இங்க விசேஷம்?” என்றார் கூட வந்திருந்த சித்தப்பா.

அவள் போய் அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். துணியைச் சரி செய்தாள். நன்றாகத்தான் இருந்தது; மறுபடியும் சரி செய்தாள். வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். செருப்பு விடுமிடத்துக்கும் மேடைக்கும் நடுவே அவள் நடந்த நடைக்கு அப்பாவே அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

இதே மன்றத்துக்கு அவர் ஒருமுறை வந்திருக்கிறார். காலெல்லாம் சேறு. காவலாளி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டான். உள்ளே, ஏழ்மையும் இலக்கியமும் என்று கருத்தரங்கு நடந்துகொண்டிருந்தது.

இப்போது மேடையில் மன்றத் தலைவர் மைக்கைத் தட்டினார். அப்பாவின் கவிதைகளை ஆராய்ந்து முனைவர் ஆனவர். அந்தப் பட்டத்தில் வேலை வாங்கி, அந்த வேலையில் வீடு கட்டியவர். ஒழுகாத வீடு.

“கூரை ஒழுகுகிறதா? கவலை வேண்டாம். மழைக்கு நம் வீடு பிடித்திருக்கிறது!” என்று அப்பாவின் வரியைச் சொல்லி நிறுத்தினார். சபை ‘ஆகா’ என்றது. “எப்பேர்ப்பட்ட உள்ளம்! வறுமையை விரும்பித் தேர்ந்தெடுத்த மாமனிதர்!”

“அவன் எங்க தேர்ந்தெடுத்தான்? எங்களுக்கும் சேத்து வாங்கி வச்சிட்டுல்ல போனான்,” என்று சித்தப்பா அவள் காதில் முணுமுணுத்தார். “மழைக்கு வீடு புடிச்சிருந்துச்சு, சரி. விடிய விடிய பாத்திரம் மாத்தி வச்சது உங்கம்மா.”

“சும்மா இருங்க சித்தப்பா.”

“நான் சும்மாதான் இருக்கேன். அந்தாளுதான் இருக்க மாட்டேங்குறாரு.”

தலைவர் அடுத்த கவிதைக்குப் போனார். “முதுகில் இளவெயில், கையில் உப்பு வைத்த கொய்யா. எந்த அரசனும் எனக்கு வழிவிட வேண்டாம். நான் எங்கும் போகவில்லை!”

அந்தக் கொய்யாவில் பாதியைத் தின்றவள் அவள். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லில் அப்பாவோடு உட்கார்ந்து தின்றாள். வெயிலும் அப்படித்தான் இருந்தது. கவிதையில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அன்று மத்தியானமே போய்விட்டார்.

இனி அவரால் எங்கும் போக முடியாது என்று அவளுக்குத் திடீரெனத் தோன்றியது. ஜன்னல் இறுக மூடியிருக்கிறது. வாசலில் காவலாளி இருக்கிறான். அவளுடைய நாற்பது வயதில் முதல் தடவையாக, அப்பா விட்ட இடத்திலேயே இருக்கிறார். இருக்கட்டுமே இன்னும் கொஞ்ச நேரம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

வண்டியோரம் ‘மூட்டை’ நின்றிருந்தான். கடையில் அவளோடு சரக்கு ஏற்றி இறக்குகிற ஆள். உடம்பு அப்படி, பேர் அப்படி.

“என்னக்கா, முடிஞ்சுதா?”

“விருந்தாளி வரணுமாம்.”

“வரலேன்னா?”

அவள் வண்டியின் பின்கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள்.

உள்ளே செயலாளர் தலைவரிடம் கைபேசியைக் காட்டிக்கொண்டிருந்தார். விருந்தினர் இன்னும் கிளம்பவே இல்லை. தலைவர் அசரவில்லை. நேரத்தைக் கடத்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. “இப்போது கண்களை மூடி, மௌன அஞ்சலி செலுத்துவோம். நான் நன்றி சொல்லும்வரை யாரும் கண் திறக்க வேண்டாம்,” என்றார். அவர் நன்றி சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். போன அஞ்சலியில் பின்வரிசையிலிருந்து குறட்டை கேட்டதாம். தலைவர் கைகட்டி, முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடினார். சபையும் கண்ணை மூடியது.

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா வாசலைப் பார்த்தார். மூட்டை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

இரட்டைக் கட்டில் மெத்தையை ஒற்றைக்கதவு வழியே சுவரில் உரசாமல் கொண்டுபோகிறவர்களுக்கு அப்பா ஒரு பாரமே இல்லை. தலைப்பக்கம் அவள், கால்பக்கம் அவன். ஸ்ட்ரெச்சர் ஒருமுறை முனகியது. முன்வரிசை விமர்சகர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தார். பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். அந்த ஆள் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல விமர்சனம் அதுதான் என்று சித்தப்பா பிற்பாடு பல பேரிடம் சொன்னார்.

காவலாளி எழுந்து நின்றான். உள்ளே போகிறவர்களைத் தடுக்கத்தான் அவனுக்கு உத்தரவு. வெளியே போகிறவர்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டைத் திறந்துவிட்டான்.

இரண்டு தெரு தாண்டியபோது கைபேசி அடித்தது. செயலாளர். பின்னால் மைக்கில் யாரோ ‘அமைதி, அமைதி’ என்று கத்துவது கேட்டது.

“அம்மா... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஐயாவைக் காணோம்.”

“அவரு அப்படித்தாங்க,” என்றாள் அவள். “சொல்லாம கெளம்பிடுவாரு.”

சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கியரை மாற்றினாள். முன்னால் போன பேருந்தை முந்தினாள். எதற்கு முந்தினோம் என்று தெரியவில்லை.

மயானத்தில் குழி தோண்டுகிறவர் மண்வெட்டியோடு மேலேறி வந்து பார்த்தார். “சாயங்காலம்னுல்ல சொன்னாங்க? பாதிதான் ஆயிருக்கு. வேர் வேற குறுக்க நிக்குது. இருங்க, ஆகும்.”

“ஆகட்டுங்க.”

வண்டியைப் பின்பக்கமாக எடுத்து மரத்தடியில் நிறுத்தினாள். பின்கதவைத் திறந்து வைத்தாள். மூட்டையும் சித்தப்பாவும் டீ தேடிப் போனார்கள். காற்று நேராக உள்ளே வந்தது. அவள் ஏறி அப்பாவுக்குப் பக்கத்தில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். செய்வதற்கு வேலை ஒன்றும் மிச்சமில்லை.

மன்றத்து மலர்வளையம் ஒன்றும் அவரோடு வந்துவிட்டிருந்தது. தலைவர் பெயர் பொன்னெழுத்தில். எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து, கழுத்தை நீட்டி அதை முகர்ந்தது. அவள் விரட்டவில்லை. வளையத்தை மடியில் எடுத்து வைத்து, ஆட்டின் வாயைக் குத்திவிடாதபடி உள்ளேயிருந்த கம்பியை ஒவ்வொன்றாக உருவினாள். பிறகு பூவைக் கையில் வைத்து நீட்டினாள்.