சந்தனமேரியை எழுப்பிய குரல்

எதிர்வீட்டுச் சந்தனமேரியின் கதவைத் தட்டுவதைப் பாண்டிசெல்வி ஆவணி மாதத்தோடு நிறுத்திவிட்டாள். இருவருக்கும் சண்டை ஒன்றும் வரவில்லை. மீன்குழம்பு கொண்டுபோனவளை, கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பார்த்து, இனிமேல் எதுவும் கொண்டுவர வேண்டாம், வரவும் வேண்டாம் என்று சந்தனமேரி சொல்லிவிட்டாள். முகத்தில் கோபம் இல்லை. யாரோ எழுதிக்கொடுத்ததை வாசிப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். கிண்ணத்தோடு திரும்பி வந்த பாண்டிசெல்விக்கு வருத்தத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

சந்தனமேரிக்கு அறுபத்தேழு வயது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், துணியைக் கொதிக்கவைத்துச் சுத்தப்படுத்திப் பொட்டலம் கட்டும் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கணவர் வில்சன் மில்லில் ஃபிட்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். மூத்த மகன் மெர்வின் பெங்களூரில், இளையவன் ஜெர்வின் கத்தாரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் வீடியோவில் வருவார்கள். சாப்பிட்டாயா, இன்சுலின் ஊசி போட்டாயா என்று கேட்பார்கள். பேரப்பிள்ளைகள் செத்த நேரம் முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடும். அதற்குப் பிறகு அடுத்த ஞாயிறுவரை அந்த வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தமும் பிரஷர் குக்கர் சத்தமும்தான்.

ஜெர்வின் போன லீவில் வந்தபோது பெரிய ஃபோன் ஒன்று வாங்கிக்கொடுத்துப் போனான். அதில்தான் அந்தக் குழு வந்து சேர்ந்தது. யார் சேர்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. 'இனிய விடியல் உறவுகள்' என்று பெயர். அறுபது வயது தாண்டியவர்களுக்கு மட்டுமானது. மறுநாள் காலையில் ஒரு பெண்குரல் வந்தது. சின்ன வயசுக் குரல். தன் பெயர் அக்சா என்றது. "சந்தனமேரி அம்மா, எழுந்துவிட்டீர்களா? உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன்" என்றது.

வில்சன் இருந்தவரைக்கும் தினமும் டீ போட்டு வைத்துவிட்டு அவள் பெயரைச் சொல்லித்தான் எழுப்புவார். அவர் போன பிறகு அந்த வீட்டுக்குள் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு அம்மா, பாண்டிசெல்விக்கு அக்கா. சந்தனமேரி அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எந்திரிச்சிட்டேன்மா என்று பதில் சொன்னாள்.

இதையெல்லாம் அவள் ஸாவித்ரியிடம் மறைக்கவில்லை. ஸாவித்ரி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கம்பெனியில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பொட்டலம் கட்டியவர்கள். ஆண்டாள் கோயில் மாடவீதிக்குப் பின்னால் கணவர் கண்ணபிரானோடு இருக்கிறாள். மாதத்தில் ஒருநாள் யாராவது ஒருத்தி டவுன் பஸ் ஏறி மற்றவளைப் பார்க்க வந்துவிடுவது வழக்கம். புதுக்குழு வந்ததும் சந்தனமேரி துள்ளலாக இருந்ததைப் பார்த்து ஸாவித்ரிக்குச் சந்தோஷம்தான். காலையில் நடக்கிறாளாம், சீரகத்தண்ணீர் குடிக்கிறாளாம், தட்டில் என்ன இருக்கிறதென்று ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறாளாம். அக்சா ஒவ்வொன்றையும் பார்த்துப் பாராட்டுகிறதாம். தூத்துக்குடி, ஈரோடு, கும்பகோணம் என்று ஊர் ஊராகச் சிநேகிதிகள் கிடைத்திருக்கிறார்களாம். இங்கே பக்கத்து ஆலங்குளத்திலிருந்துகூட சிமெண்ட் ஆலையில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறாராம்.

ஒரு விஷயம் மட்டும் ஸாவித்ரிக்கு உறுத்தியது. முதலில் டிவியில் செய்தி வாசிப்பதுபோலப் பேசிய அந்தப் பெண், ரெண்டு மாதம் போவதற்குள் அச்சு அசலாகச் சந்தனமேரியைப் போலவே பேச ஆரம்பித்திருந்தது. "அம்மா, எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன், பதிலையே காணோமே" என்று அது கேட்டதை ஃபோனில் போட்டுக்காட்டிச் சந்தனமேரி பூரித்துப்போனாள். நம்ம ஊர்ப் பிள்ளையாகத்தான் இருக்கும் என்றாள்.

பிறகு விதிகள் வந்தன. துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. வலியைப் பற்றிப் பேசுகிறவர்களோடு உட்காரக் கூடாது. மற்றவர் வீட்டுச் சமையலில் அவர்களுடைய மனக்கசப்பும் சேர்ந்து வரும், வாங்கக் கூடாது. கூட்டத்தில் உட்கார்ந்தால் மனம் கலையும், அதனால் வீட்டிலேயே ஜெபித்தால் போதும். சந்தனமேரி சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்தினாள். விசாரிக்க வந்த பங்குச் சாமியாரிடம் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். குழுவில் யாராவது பதில் போடுவதை நிறுத்திவிட்டால், 'அமைதியில் சேர்ந்தார்' என்று அவர்கள் பெயரோடு ஒரு பூப்படம் வரும். எல்லோரும் கைகூப்புவார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

புரட்டாசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஸாவித்ரிக்கு ஃபோன் செய்தவள், இன்சுலினை நிறுத்தி ஒரு மாதம் ஆகிவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னாள். ஊசிதான் உடம்பைக் கெடுக்கிறதாம். ஏதோ இலைச்சாறு குடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஸாவித்ரி கத்திவிட்டாள். ஊசியை விட்டால் என்னவாகும் என்று உனக்குத் தெரியாதா, நாம் கட்டின பேண்டேஜெல்லாம் யார் காலுக்குப் போனது என்று கேட்டாள். பொறவு பேசுதேன் என்று வைத்தவள் அப்புறம் பேசவில்லை. ஸாவித்ரியின் அழைப்பும் போகவில்லை, செய்தியும் சேரவில்லை. மெர்வினைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். அம்மா தினமும் சிரித்த முகத்தோடு ஃபோட்டோ போடுகிறாள், எப்போது பார்த்தாலும் ஆன்லைனில் இருக்கிறாள், ஊசி போட்டேன், நடந்து நடந்துதான் இளைத்தேன் என்றுதான் சொல்கிறாள், நீங்கள் வீணாகப் பதறாதீர்கள் அத்தை என்றான்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஊருக்கு வெளியே திருவண்ணாமலை என்ற சிறு மலைமேல் இருக்கும் பெருமாளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரே நிரம்பி வழிந்தது. கண்ணபிரான் வேட்டி மாற்றிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டு நின்றார். ஸாவித்ரிக்கு மனம் ஓடவில்லை. நீங்க போயிட்டு வாங்க, நான் மேரியைப் பாக்கப் போறேன் என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் ஆளே இல்லை.

மேரியின் வீட்டு கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பாண்டிசெல்வி வந்து, பத்து நாளாகக் குப்பைகூட வெளியே வரவில்லை என்றாள். பக்கத்துச் சந்து வழியாகப் போனால் ஹால் ஜன்னல் இருந்தது. ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. ஸாவித்ரி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

சந்தனமேரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலை சீவி, பவுடர் போட்டிருந்தாள். முன்னால் ஸ்டாண்டில் ஃபோன் நின்றது. வலதுகால் ஸ்டூல்மேல் இருந்தது. பாதத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, கம்பெனியில் கற்றுக்கொண்டபடியே மடிப்பு விலகாமல் கட்டியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த விரல்கள் கறுத்திருந்தன. ஜன்னலுக்கு வந்த வாடை எதுவென்று ஸாவித்ரிக்குத் தெரிந்தது.

"ஏட்டி மேரி, கதவத் திற."

"நீ ஏன் வந்த? யாரும் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"யாரு சொல்லியிருக்கா? காலப் பாத்தியா நீ? அழுகிப் போயிருக்கு."

"கெட்டதெல்லாம் கால் வழியா எறங்குது. எறங்கி முடிஞ்சா சரியாயிரும். அக்சா சொல்லிச்சு."

சொல்லிக்கொண்டே சந்தனமேரி ஃபோனை எடுத்து விரலால் எதையோ அடித்து அனுப்பினாள். ஸாவித்ரி பேசப் பேச அவள் நிமிரவில்லை. உடனே ஃபோனிலிருந்து பதில் வந்தது. இளமையான, அன்பான, அவர்கள் ஊர்க் குரல்.

"அம்மா, வந்திருக்கது ஸாவித்ரிதானே? பேச்சுக் குடுக்காதீய. எந்திரிச்சு ஜன்னலச் சாத்துங்க."

சந்தனமேரி எழுந்தாள். வலி முகத்தில் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். தோழியின் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள்.

பாண்டிசெல்வி தன் வீட்டுக்காரர் சமுத்திரத்தைக் கூப்பிட்டாள். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவர் வந்து கேட் பூட்டையும் வாசல் பூட்டையும் அறுத்தார். அறுக்கிற சத்தம் நிற்கும்போதெல்லாம் உள்ளே அந்தக் குரல் சந்தனமேரியின் பெயரைச் சொல்லித் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. தூக்க வந்தவர்களை அவள் அடித்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கால்வலிக்கு அழவில்லை, ஃபோனைக் கேட்டுத்தான் அழுதாள்.

மதுரையில் வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஓடிவந்த மெர்வின் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அம்மாவின் ஃபோனைத் தோண்டினான். குழுவில் நானூறு பேருக்குமேல் இருந்தார்கள். சிலரைக் கூப்பிட்டு, அவர்களுக்கு வந்ததை அனுப்பச் சொல்லிக் கேட்டான். அத்தனை பேருக்கும் காலையில் பெயர் சொல்லித் தனித்தனியாகச் செய்தி போயிருந்தது. ஈரோட்டுக்காரரிடம் அந்தக் குரல் கொங்குத் தமிழ் பேசியது. கும்பகோணத்து அம்மாளிடம் தஞ்சாவூர்த் தமிழ் பேசியது. எதிலும் மூச்சு வாங்கவில்லை, ஒரு இருமல்கூட இல்லை. இது ஆளே இல்லை அத்தை, மெஷின் என்றான். யார் ஓட்டுகிறார்கள், எதற்காக ஓட்டுகிறார்கள் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதையும் விற்கவில்லை, எதையும் கேட்கவில்லை. அம்மாவின் காலைப் பற்றிக் குழுவில் எழுதினான். எழுதியது உடனே மறைந்தது. போலீசில் புகார் கொடுத்தான். அது வெளிநாட்டு எண் என்றும் விசாரிப்பதாகவும் சொன்னார்கள். குழுவில் சந்தனமேரியின் பெயரோடு பூப்படம் வந்தது. எல்லோரும் கைகூப்பினார்கள்.

அந்தக் குரல் மெஷின் என்பதை ஸாவித்ரிதான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னாள். சந்தனமேரி மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மெஷினாவே இருந்துட்டுப் போகட்டும். நான் எந்திரிச்சனா இல்லையான்னு வேற யாரு ஸாவித்ரி கேட்டா?"

மாதத்தில் ஒருநாள் போதும் என்று ஸாவித்ரியும்தானே இருந்தாள். இனிமேல் தினமும் காலையில் நானே கூப்பிடுவேன் என்று சொன்னாள்.

கார்த்திகையில் மெர்வின் அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போனான். பதினோராம் மாடியில் வீடு. அவனும் மனைவி ஜூடியும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. நடக்க உதவும் செயற்கைக்காலை மாட்டிக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை. பட்டன் வைத்த சாதாரண ஃபோன் ஒன்றை மட்டும் கொடுத்திருந்தார்கள். ஸாவித்ரி சொன்னபடியே தினமும் பால் காய்ச்சிவிட்டுக் கூப்பிடுவாள். இன்றைக்கு ஊசி போட்டாயா என்று கேட்கமாட்டாள். மேரி, எந்திரிச்சிட்டியா என்றுதான் கேட்பாள். ஆரம்பத்தில் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை வந்தது. மார்கழி வாக்கில் பேச்சு கொஞ்சம் நீண்டது. கோயிலில் பாடுவது ஃபோனில் கேட்கிறதா என்று ஸாவித்ரி கேட்டால், கேட்குது, இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம் போ என்பாள்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டபோது, நீங்கள் அழைக்கும் நபர் மற்றொரு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது. மகனாக இருக்கும் என்று ஸாவித்ரி நினைத்தாள். கொஞ்சநேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் அதே பதில். பால் ஆறி ஆடை கட்டிய பிறகுதான் சந்தனமேரி எடுத்தாள். குரல் தெளிவாக, துள்ளலாக இருந்தது. யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டதற்கு, யாரும் இல்லை, ராங் நம்பர் என்றாள். இவ்வளவு நேரமா என்று கேட்டதற்கு, இன்றைக்குச் சாப்பிடவில்லை, பசிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஸாவித்ரி மெர்வினைக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று செய்தி வந்தது. ஜூடியின் ஃபோன் அணைத்திருந்தது. திரும்பவும் சந்தனமேரியைக் கூப்பிட்டாள். மற்றொரு அழைப்பில் இருந்தாள்.

ஸாவித்ரி சோற்றுக்கு வைத்த அடுப்பை அணைத்தாள். பீரோவைத் திறந்து ரெண்டு புடவையை எடுத்துப் பையில் திணித்தாள். பூசை முடித்து வந்த கண்ணபிரான் எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார். பெங்களூருக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று அவள் அவரைக் கேட்டாள்.