பாதிக் கோடு

என் வண்டி இன்னொரு முறை நடுரோட்டில் படுத்தால், டயாலிசிஸ் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேலை என்னை விட்டுப் போய்விடும். அந்த அம்மாவின் மகள் சொல்லிவிட்டாள்: "மறுபடி இப்படி ஆச்சுன்னா வேற டிரைவரைப் பாத்துக்கறோம்க்கா." அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஊசி குத்திய கையோடு அவள் அம்மா வெயிலில் நின்றாள். வாடகைக் கார் ஓட்டும் எனக்கு நிரந்தரம் என்று இருந்தது அந்த ஒரு சவாரிதான்.

"பேட்டரிதான் போயிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். வாய் திறந்து கேட்டாலும் ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தராத மனுஷர், கேட்காமலே புது பேட்டரி வாங்கி மாட்டிவிட்டார். நானும் பூரித்துப் போனேன். அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல!

பேட்டரி மாறியும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையவில்லை. இன்று காலை பானெட்டைத் திறந்தேன். அவரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி வயரைக் கழட்டிப் பாரேன். நின்னுதுன்னா தெரிஞ்சிடும்."

"உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் புகைஞ்சாலும் தெரிஞ்சிடும். சும்மா இருங்க."

வோல்ட் மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பதினாலைத் தொட வேண்டிய முள் பன்னிரண்டிலேயே கிடந்தது. ஹெட்லைட்டைப் போட்டதும் இன்னும் இறங்கியது. பெல்ட் இறுக்கமாக இருந்தது, வயர்களில் குறையில்லை. ஆல்டர்னேட்டர்தான் சார்ஜ் ஏற்றவில்லை.

"போன வருஷம்தான் புதுசா மாட்டினேன். அதுக்குள்ளயா?"

"இப்ப வர்ற சாமான் எல்லாம் அப்படித்தான்" என்றார், வாசலைப் பார்த்துக்கொண்டு.

எதை மாட்டினாலும் இறுக்கிய இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஆல்டர்னேட்டரிலும், அதைத் தாங்கும் இரும்பிலிருந்து அதன் உடல்வரை ஒரே கோடாக இழுத்திருந்தேன். கழற்றுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்பில் பாதிக் கோடு இருந்தது. ஆல்டர்னேட்டரில் அழுக்கைத் தவிர ஒன்றுமில்லை.

இது என்னுடையதே இல்லை.

பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தனுக்கும் இதே மாடல் வண்டி. போன வாரம் "ரெண்டு நாள் தாங்க அண்ணி" என்று என் வண்டியை வாங்கிப் போனான். ஸ்பேனரோடு போய் அவன் பானெட்டைத் தூக்கினேன். மீதிப் பாதிக் கோடு பளிச்சென்று இருந்தது.

பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "என்ன அண்ணி, என் வண்டிக்கும் சர்வீஸா?"

"உன் வண்டிக்கு நெயில் பாலிஷ் யாருடா போட்டது?"

சிரிப்பு போய்விட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவனுக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது. டயர் பஞ்சரானால்கூட அண்ணனைக் கூப்பிடுகிறவன். அந்த அண்ணனுக்கு முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று, பிறகு பெல்ட்டைத் தளர்த்து என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

"நீங்களா?"

"அவனுது சரியா சார்ஜ் ஏத்தல, வெளியூர் சவாரி வேற வந்துது. உன்னுது ஊருக்குள்ளதானே ஓடுதுன்னு..."

"அந்தம்மா வெயில்ல நின்னாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"அதான் பேட்டரி வாங்கிக் குடுத்தேனே."

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் வண்டியிலிருந்து என் ஆல்டர்னேட்டரைக் கழற்றி எடுத்து வந்து என் வண்டியில் மாட்டினேன். இன்ஜினை ஓடவிட்டதும் மீட்டர் பதினாலைத் தாண்டியது, சிவப்பு விளக்கு அணைந்தது.

"நாளைக்கு எனக்கும் சவாரி இருக்கு அண்ணி" என்றான் கொழுந்தன்.

"உங்க அண்ணனைக் கேளு. கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டத் தெரியாதா?"

கையைத் துடைத்துவிட்டு அவர் முன்னால் நீட்டினேன்.

"என்ன?"

"என் வண்டியோட இன்னொரு சாவி."

"நான் உன் புருஷன்டி."

"அதனாலதான் கேக்கறேன். வெளியாளா இருந்தா வண்டியைப் பூட்டினாலே போதுமே."

வளையத்திலிருந்து அந்தச் சாவி லேசில் வரவில்லை, அவர் நகம் வழுக்கிக்கொண்டே இருந்தது. எப்படிக் கழற்றுவது என்று இந்த முறை நான் சொல்லித் தரவில்லை.