‘அவர்’ என்றுதான் எழுதியிருந்தது

அன்று மத்தியானம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: படம் வரைந்த கலையரசன். படத்தில் இருந்த அவன் மனைவி அன்பரசி. அவளுடைய அண்ணன் ராஜாக்கண்ணு, புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர், கூப்பிடாமல் வந்தவர். வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்திருந்த தூபா, ஒரு தொடர்கதைக்கு இணையத்தில் ரசிகர் பக்கம் நடத்துகிறவள். அவளைப் பைக்கில் கூட்டிவந்த அண்ணன் தல்ஹா, எப்போது இறங்கலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

கலையரசன் அடிவாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்த்தவன். ஒரு நாள் ஷிப்டு நடுவில் எழுந்து வந்துவிட்டான். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னான். அந்த ராத்திரிகளில் கக்கூஸில் உட்கார்ந்து செல்போனில் படித்த தொடர்கதைதான் ‘சாம்பல் வளையம்’. பூமியை விட்டுப் போன ஒரு கப்பல், அதன் தலைவர் மதி. வேலையில்லாமல் மலைமேல் காவலூரில் வீட்டோடு கிடந்தபோது மதியை வரைந்தான், கீறல் விழுந்த திரையில், விரலால். கப்பலின் இருட்டு, அழுக்கேறிய உடுப்பு, கையைப் பின்னால் கட்டி நிற்கிற நிற்பு எல்லாம் தானாக வந்தது. முகம் மட்டும் வரவில்லை. வெகுநாள் காலியாகக் கிடந்த இடத்தில் ஒருநாள் அன்பரசியின் முகம் வந்து உட்கார்ந்தது. அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

கதையைச் சினிமாவாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் யார் மதியாக நடிப்பது என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் வில்லனாக நடித்தே கிழவரானவரைச் சொன்னான். இன்னொருவன் யாருக்கும் தெரியாத புதுமுகம் வேண்டுமென்றான். அந்தச் சண்டைக்கு நடுவில் தூபா, கலையரசன் அனுப்பியிருந்த இந்தப் படத்தைத் தன் பக்கத்தில் போட்டாள். ‘இவங்கதான் மதி’, ‘இவங்க நடிச்சா மட்டும் பார்ப்பேன்’ என்று கீழே வரிசையாக எழுதினார்கள். அப்படி ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று எழுதினவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அன்பரசி மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தபோது, சாப்பிட வந்த யாரோ போனை நீட்டினார்கள். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். தன்னை ‘இவங்க’ என்று இத்தனை பேர் சொல்லி அவள் கேட்டதில்லை. மறுநாளே மெஸ் வேலையை விட்டாள். மெட்ராஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

கலையரசன் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எது உண்மை என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. ஒருவேளை கூப்பிட்டாலும் கூப்பிடுவார்களோ? இல்லையென்றால் தூபா ஏன் நேரில் வந்துதான் பேசுவேன் என்று சொன்னாள்?

தூபா அன்பரசியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “அல்லாவே. நெஜமாவே இருக்கீங்களாக்கா.”

“ஏன், செத்துட்டேன்னு சொல்லிச்சா இது?” அன்பரசி கணவனைக் கைகாட்டினாள்.

“அண்ணா மனசுலருந்து வரைஞ்சதுன்னு நெனச்சிருந்தேன்க்கா.”

“இது மனசுலருந்து ஒண்ணும் வராது. நீ உக்காரு.”

பலாச்சுளையைத் தட்டில் வைத்தாள். அவர்கள் எடுக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு நேராகக் கேட்டாள். “எப்போ வரச் சொன்னாங்க?”

தூபா போனைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தாள். “காலைல ஆளச் சொல்லிட்டாங்கக்கா. மதியா நடிக்கிறது ஒரு ஆம்பள.”

ராஜாக்கண்ணு சிரித்துவிட்டார். “இன்னா மாப்ள, ஆம்பளைக்கா எங்கூட்டுப் பொண்ணு மூஞ்ச ஒட்டி வெச்ச?”

“கதைல எங்கயும் ஆம்பளன்னு இல்லண்ணா,” என்றாள் தூபா. “மொதல்லருந்து கடைசி வரைக்கும் ‘அவர்’தான். அவர் வந்தார், அவர் சொன்னார். அவ்ளோதான்.”

“நா ஆம்பளன்னுதான் படிச்சேன்,” என்றான் தல்ஹா. “கப்பலுக்குத் தலைவர்னா வேற இன்னா?”

“நீ படிச்சது மூணு அத்தியாயம். சும்மா இரு பாய்.”

“எழுதனவரு இன்னா சொல்றாரு?” என்று கேட்டார் ராஜாக்கண்ணு.

“கேட்டோம். படிக்கிறவங்க இஷ்டம்னு பதில் வந்துச்சு. எழுதுறதே ஆணா பொண்ணான்னு யாருக்கும் தெரியாதுண்ணா. புனைபெயரு.”

கலையரசன் குழம்பிப்போனான். முதல் வரியிலிருந்தே அவன் மதியைப் பெண்ணாகத்தான் படித்திருந்தான். இன்னொரு விதமாகப் படிக்கலாம் என்பதே இப்போதுதான் தெரிகிறது. அவனுக்குத் தெரிந்த வீடுகளில் எந்தப் பெண்ணையும் யாரும் ‘அவர்’ என்று சொல்வதில்லை. அன்பரசியைப் பற்றிப் பேசும்போது அவனே ‘அது’ என்றுதான் சொல்வான். பிறகு எங்கிருந்து வந்தாள் இந்தப் பெண்?

அன்பரசி தூபாவின் போனை வாங்கினாள். இத்தனை நாளும் முகத்தை மட்டும்தான் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். இப்போது முழுப் படத்தையும் பார்த்தாள்.

“மூஞ்சி என்னுது. நிக்கறது நானில்ல,” என்றாள். “நா இப்டி கையப் பின்னால கட்டிகினு நின்னதே இல்ல. இது யாரு நிக்கறது?”

அவள் கேட்டபிறகுதான் அவனுக்கே தெரிந்தது. தையல் மிஷின் வரிசைகளுக்கு நடுவே ராத்திரி முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற ஷிப்டு மேடம். பேர்கூடத் தெரியாது. அந்த அம்மாள் மேல் அவனுக்கு இருந்தது பயமா, ஆசையா, வெறுப்பா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

“கதைல வர்றது அப்டி,” என்றான்.

“இப்டி நிப்பாங்கன்னு கதைல எழுதிக்கீதா?” அன்பரசி தூபாவைக் கேட்டாள். தூபா இல்லையென்று தலையாட்டிவிட்டு, ஆட்டியிருக்கக் கூடாதோ என்று தட்டைப் பார்த்தாள். பேச்சை மாற்றுகிறவள்போல வந்த காரியத்தைச் சொன்னாள்.

“சினிமா கம்பெனிலருந்து பேசினாங்கண்ணா. படம் ரொம்பப் புடிச்சிருக்காம். போஸ்டருக்கு இதையே வெச்சுக்கறாங்களாம், உங்க பேரோட. மூஞ்சி மட்டும்...” அவள் அன்பரசியைப் பார்க்கவில்லை. “அந்த நடிகர் மூஞ்சியா மாத்திக் குடுக்கணுமாம். இன்னிக்கே.”

கலையரசனின் முதுகு தன்னையறியாமல் நிமிர்ந்தது. அவன் பெயர், ஊரெல்லாம் ஒட்டுகிற போஸ்டரில். அவன் நிமிர்ந்ததை அன்பரசி பார்த்துவிட்டாள்.

“அப்போ அவ அப்டியே நிப்பா. நா மட்டும் போணும்.”

“அப்டி இல்ல.”

“எப்டி?”

மாற்ற முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். “சார்ஜ் இல்ல,” என்றான்.

“உள்ள போட்டுக்க,” என்றாள் அவள். கோபமே இல்லை. சாம்பார் வாளி அங்கே இருக்கிறது என்று மெஸ்ஸில் சொல்கிற அதே குரல். ராஜாக்கண்ணு சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

பிளக் இருந்தது சாமை மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில். செருகிவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தான். முகத்தை மட்டும் படத்துக்கு மேல் தனி லேயராகத்தான் வரைந்திருந்தான். அழிக்க வேண்டாம், மறைத்து மட்டும் பார்ப்போம், முடிவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விரலை வைத்தான். முகம் போனது. உடுப்பின் கழுத்துக்கு மேலே கப்பலின் இருட்டு தெரிந்தது. அதற்குக் கீழே அந்த உடம்பு கொஞ்சமும் அசராமல் நின்றது. ஷிப்டு மேடம் மாதிரி இல்லை இப்போது. அன்பரசி நிற்கிற மாதிரியே இருந்தது. தோளைப் பெரிதாக்கிப் பார்த்தான். முன்பு இப்படியா வரைந்திருந்தோம் என்று யோசித்தான்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்துத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே கொண்டி விழுந்தது. பூட்டு அமுங்கியது. “அவளும் நீயும் உள்ளயே கெடங்க,” என்றாள் அன்பரசி, அதே மெஸ் குரலில்.